பாத்திக் கணக்கு

கணக்குப் புத்தகம் என்ற சொல் மலைநாட்டுத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தவர்களின் செவியில் விழும்போது, ஏனையோர் செவியில் விழுவதுபோல் விழுவதில்லை. பட்டினத்துக் கடைக்காரருக்கு அது அவருடைய சொந்தப் புத்தகம். அவரே எழுதுகிறார், அவரே கூட்டுகிறார், இலாபமோ நட்டமோ அவரே முதலில் அறிந்துகொள்கிறார். எங்கள் முன்னோருக்கோ கணக்கு என்பது என்றும் பிறர் கையில் இருந்த புத்தகம். அதிலே அவர்கள் எழுதப்பட்டார்களேயன்றி எழுதினார்களில்லை.

வெளியூர் வாசகர்களுக்காக இதனைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்திலே செக்ரோல் என்று ஒரு பதிவேடு உண்டு. அதன் நிரைகளிலே தொழிலாளர் பெயர்கள் இருக்கும். நிரல்களிலே மாதத்தின் நாட்கள் இருக்கும். காலையிலே பெரட்டுக் களத்துக்கு வந்து, மலையேறி, குறித்த அளவு கொழுந்து எடுத்து நிறுத்துக் கொடுத்தால் அன்றைய கட்டத்தில் ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். பேர் என்பது பெயர்தான்; ஆனால் தோட்டத்து வழக்கில் அது ஒரு நாள் வேலைக்கும் அந்த நாளின் கூலிக்கும் உரிய சொல்லாகிவிட்டது. "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று ஒருத்தியைக் கேட்டால், "பதினெட்டுப் பேர்" என்பாள். பதினெட்டு நாள் வேலை செய்தாள் என்பது பொருள். அதற்கும் முந்திய காலத்திலே துண்டு என்றொரு கடதாசி இருந்தது. தொழிலாளி பட்டிருந்த கடன் அதிலே எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்க ஒப்பும் தோட்டத்துக்கே அவன் பெயர்ந்து செல்லலாம். 1921ஆம் ஆண்டில் அந்த முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கடதாசி ஒழிந்த பின்னரும், எழுதுகோலைக் கையில் வைத்திருப்பவரைக் கண்டால் சற்று ஒதுங்கி நிற்கும் பழக்கம் எங்கள் பெரியோரிடம் நெடுநாள் இருந்தது.

என் அன்னையார் நாற்பது ஆண்டுகள் செக்ரோலில் ஒரு நிரையாக இருந்தவர். என் மகள் உயர்தர வகுப்பு மாணவி. இவ்விருவருடைய ஆட்சியில், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில், ஒன்பது மரக்கறிப் பாத்திகள் இருக்கின்றன. அப்பாத்திகளுக்கு ஒரு விரிதாளும் இருக்கிறது. அந்த விரிதாளைப் பற்றியே எழுத எண்ணுகிறேன்.

2015ஆம் ஆண்டுக்குப் பின்னர் லயக் காம்பராக்களுக்குப் பதிலாக, ஏழு பேர்ச் காணியில் தனித்தனி வீடு என்ற திட்டம் மலைநாட்டில் நடைமுறைக்கு வந்தமை வாசகர்கள் அறிந்ததே. ஏக்கர் ஒன்றுக்கு 160 பேர்ச். எனவே ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதிலே 550 சதுர அடி வீட்டுக்குப் போய்விடும். பாதைக்கும் கழிவுக் குழிக்கும் கல்லணைக்கும் போக எஞ்சுவது செங்குத்தான ஒரு சரிவு. அச்சரிவைப் படிபடியாக வெட்டி, படிக்கு ஒன்றாக, 4 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட ஒன்பது பாத்திகளை அமைத்திருக்கிறோம். எல்லாம் சேர்த்து 432 சதுர அடி. வயற்காட்டு நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதற்கா கணக்கு?" என்று சிரித்தார். சிறிய நிலத்துக்குத்தான் கணக்கு மிகவும் வேண்டும். நூறு ஏக்கர் உடையவன் ஒரு பாத்தியை மறந்து போகலாம். ஒன்பது பாத்தி உடையவனால் அது இயலாது.

மரக்கறி பயிரிடுவது எங்கள் மக்களுக்குப் புதிய வித்தையன்று. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறி, தம் நாட்டுப் பயிர்களை இம்மலைகளில் வளர்க்கத் தலைப்பட்டார். அக்காலந்தொட்டு வேரூன்றிய கோவா, கரட், லீக்ஸ், பீட்ரூட் முதலியவை இன்று கந்தப்பளை, இராகலை, மீப்பிலிமான எங்கும் மலைச்சரிவுகளை நிறைத்திருக்கின்றன. லயத்துக்குப் பின்னால் கிடைத்த துண்டு நிலத்தில் நாலு கோவாவும் நாலு போஞ்சிக் கொடியும் போடாத வீடு தோட்டங்களில் அரிது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாடே பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தது. 2022 ஜூன் மாதத்தில், வீட்டுத் தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கத் தீர்மானித்தார்கள். வானொலியில் அதைக் கேட்ட என் அன்னையார், "இதுக்கு லீவு வேற குடுக்குறாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

2023 ஜனவரியிலே, பத்தாம் வகுப்பில் தகவல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுத்த என் மகள், விரிதாள் பழகுவதற்கு ஏதேனும் தரவு வேண்டும் என்று தேடினாள். பாடப் புத்தகத்தில் மாணவர் புள்ளிகளையும் கடை விற்பனையையும் கொடுத்திருந்தார்கள். அவள் கொல்லையை எட்டிப் பார்த்தாள். பாத்தி எண், பயிர், விதைத்த நாள், அறுவடை நாள், நிறை என்று ஐந்து நிரல்களுடன் அன்று தொடங்கியது. இன்று பன்னிரண்டு நிரல்கள் இருக்கின்றன. தலைப்புகள் யாவும் தமிழிலேயே உள்ளன.

விரிதாளின் வரலாற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. கணினி வருவதற்கு முன்பே கணக்காளர்கள் அகன்ற தாள்களை மேசைமேல் விரித்து, கட்டம் கட்டமாகத் தொகை எழுதிவந்தனர். 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வார்ட் வணிகக் கல்லூரியில் மாணவராயிருந்த டான் பிரிக்ளின் என்பவர், கரும்பலகை அட்டவணையில் ஓர் எண் மாறினால் அதனைச் சார்ந்த எண்கள் எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கவனித்தார். எண்களுக்கிடையே உள்ள உறவை ஒருமுறை சொல்லிவிட்டால், பலகை தானே திருத்திக்கொள்ளாதா என்று அவர் எண்ணினார். நண்பர் பொப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979இல் அவர் வெளியிட்ட விசிகால்க் என்ற மென்பொருளே, அப்பிள் கணினியில் ஓடிய முதல் விரிதாள். 1985இல் எக்செல் பிறந்தது. இன்று பள்ளிப் பிள்ளையின் கைத்தொலைபேசியிலும் அது இருக்கிறது.

இதிலே ஒரு நுட்பம் என்னை மிகவும் கவர்ந்தது. நாம் எழுதும் திகதியைக் கணினி ஓர் எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. எக்செல்லில் 1900ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி 1 என்ற எண். அதிலிருந்து நாட்கள் வரிசையாக எண்ணப்படுகின்றன. ஆகவே அறுவடை நாளிலிருந்து விதைத்த நாளைக் கழி என்றால் அது கழித்துவிடும். என் அன்னையாருக்குத் திகதிகளில் நாட்டமில்லை. "காமன் கம்பம் ஊனின அன்னைக்குப் போட்ட கரட்டு" என்பார். "மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின கிழமை வெட்டின கோவா" என்பார். மகள் பஞ்சாங்கத்தைப் புரட்டி அவற்றை நாட்களாக்கி எழுதுவாள். இப்படியாகக் காமன் கூத்தும் மாரியம்மன் திருவிழாவும் எண்களாகி விரிதாளுக்குள் புகுந்தன.

முதல் ஆண்டு முடிவில் அந்த நாட்கணக்கு ஒரு செய்தியைச் சொல்லிற்று. விதைப் பொட்டலத்தில் 90 நாள் என்று அச்சிடப்பட்டிருந்த கரட் எங்கள் பாத்தியில் 112 நாள் எடுத்தது. 55 நாள் என்றிருந்த போஞ்சிக்கு 68 நாள் வேண்டியிருந்தது. விதை பொய் சொல்லவில்லை. செடி வாழ்வது நாட்காட்டியைப் பார்த்தன்று, வெப்பத்தைச் சேர்த்து. 1735ஆம் ஆண்டிலேயே ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர், ஒரு பயிர் முதிர்வதற்கு நாள்தோறும் கிடைக்கும் வெப்பத்தின் கூட்டுத்தொகையே காரணம் என்று எடுத்துரைத்தார். போஞ்சியைப் போன்ற பயிர் 10 பாகைக்குக் கீழே ஏறத்தாழ வளர்வதேயில்லை. அதற்கு மேற்பட்ட பாகைகளே அதன் வரவு. கொழும்பின் சராசரி வெப்பநிலை 27 பாகை என்று கொண்டால் நாளொன்றுக்கு வரவு 17. நுவரெலியாவின் சராசரி 16 பாகை. வரவு 6 மட்டுமே. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6 பாகை குளிர்கிறது என்ற எளிய உண்மையிலிருந்தே இது பிறக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ள எங்கள் ஹட்டனுக்குப் பொட்டலத்து எண்ணும் பொருந்தாது. நுவரெலியாக்காரர் எண்ணும் பொருந்தாது. எங்கள் எண்ணை நாங்களே கண்டுபிடித்தாக வேண்டும். இப்போது விதைத்த நாளை எழுதியவுடன், 112ஐக் கூட்டி, அறுவடை எப்போது என்று விரிதாள் சொல்லிவிடுகிறது.

மழையையும் எழுதுகிறோம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு தகரக் குவளையும், அதனுள் நிறுத்த ஓர் அடிமட்டமுமே எங்கள் வானிலை நிலையம். தென்மேற்குப் பருவமழை மே மாத இறுதியில் இப்பக்கத்துச் சரிவுகளைப் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. மூன்றாண்டுப் பதிவையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, மே 20க்குப் பின் ஜூலை நடுப்பகுதி வரை நேரே பாத்தியில் தூவிய விதைகளில் பெரும்பாலானவை முளையிலேயே அழுகியமை தெளிவாகத் தெரிந்தது. அக்காலத்தில் இப்போது ஒன்றையும் நேரே விதைப்பதில்லை. கூரைச் சார்ப்பின் கீழ் நாற்றுப் போட்டு, வேர் பிடித்த பின்பே இறக்குகிறோம். இதைக் கேட்ட அன்னையார், "இது எனக்குத் தெரியாதா?" என்றார். தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்ததை அவர் இல்லாத வேளையில் என் மகள் எங்கே போய்க் கேட்பாள்?

எல்லாவற்றிலும் பெரிய பயனைத் தந்தது "குடும்பம்" என்ற நிரல். கோவா, நோக்கோல், முள்ளங்கி மூன்றும் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்தனவல்ல. எனினும் மூன்றும் கடுகின் குடும்பம். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றும் வேறொரு குடும்பம். ஒரு குடும்பத்தை ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப நட்டால், அக்குடும்பத்துக்குரிய நோய் மண்ணிலே குடியேறிவிடும். மேல்நாட்டுக் கோவாப் பயிருக்குப் பெரும் பகை, வேர்களைக் கழலைபோல் திரண்டு வீங்கச் செய்யும் ஒரு நோய். நண்பகலில் இலை வாடும், மாலையில் தேறும். சில நாட்களில் தேறாது போகும். பிடுங்கிப் பார்த்தால் வேர் இருந்த இடத்தில் முண்டுமுண்டாக ஏதோ இருக்கும். அந்நோயின் வித்துக்கள் பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உறங்கிக் கிடக்க வல்லவை. புளித்த மண் அதற்கு மிகவும் பிடிக்கும். தேயிலைக்கு ஏற்றதோ 4.5 முதல் 5.5 வரை காரஅமிலச் சுட்டெண் உள்ள புளித்த மண். தேயிலை நின்ற நிலத்தில் கோவா நடுபவன், நோய்க்குப் பாய் விரித்து வைத்த இடத்திலேயே நடுகிறான் என்று சொல்லலாம். டொலமைட் இட்டுப் புளிப்பைக் குறைக்க வேண்டும். அத்துடன், கடுகுக் குடும்பம் நின்ற பாத்தியில் நான்காண்டு வரை அக்குடும்பம் திரும்பவும் வரலாகாது.

நான்காண்டு என்று சொல்வது எளிது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் பாத்தியில் சித்திரையில் நின்றது முள்ளங்கியா, லீக்ஸா? எந்த மனிதன் நினைவில் வைத்திருப்பான்? இங்கேதான் விரிதாள் தன் ஊதியத்தைச் சம்பாதிக்கிறது. பாத்தி எண்ணையும் குடும்பத்தையும் எழுதியவுடன், அப்பாத்தியில் அக்குடும்பம் நான்காண்டுக்குள் நின்றிருந்தால் கட்டம் சிவந்து காட்டுமாறு மகள் ஒரு சூத்திரம் எழுதியிருக்கிறாள். அன்னையாருக்கு எழுத்து வாசிக்க வராது, சிவப்புத் தெரியும். "செவந்துருச்சா? சரி, கோவாவைத் தூக்கி மேல் பாத்தியில போடு" என்பார்.

ஆயினும் இந்த நான்காண்டுத் திட்டத்தைக் கண்டு நான் மகிழ்ந்தது போலவே சற்றுத் திகைக்கவும் செய்தேன். 2029ஆம் ஆண்டுக்குரிய கட்டத்தில் ஒரு பயிரின் பெயரை எழுதுவதென்றால், 2029இலும் அந்த நிலம் எங்களுடையதாக இருக்கும் என்று நாங்கள் நம்புவதாகப் பொருள். இன்னும் லயத்தில் வாழும் என் உறவினர் ஒருவர் மகளிடம் வந்து, தமக்கும் இப்படி ஓர் அட்டவணை போட்டுத் தரும்படி கேட்டார். அவர் பயிரிடும் இடம் தேயிலை மலைக்கும் ஓடைக்கும் இடையிலுள்ள ஒரு துண்டு. நிர்வாகம் கேட்டால் மறுநாளே விட்டுக் கொடுக்க வேண்டிய நிலம். மகள் நான்காண்டுக்கும் நிரல் வரைந்து கொடுத்தாள். அவர் முதலாண்டின் நிரலை மட்டும் நிரப்பிக்கொண்டு, "மத்தது இருக்கட்டும், பாப்பா" என்று சொல்லிப் போனார். அவர் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கோவா நடுவதைக் கண்டு, விவசாய அறிவு இல்லாதவர் என்று எவரேனும் எழுதினால் எனக்குச் சினம் வரும். மாற்றுப் பயிர் முறை என்பது அறிவினால் மட்டும் ஆவதில்லை. நாளையும் இம்மண் எனது என்ற உறுதியும் வேண்டும்.

விலை நிரலைப் பற்றியும் ஒரு சொல். 2024 ஜனவரியில் கரட் விலை இதுவரை காணாதபடி ஏறி, கிலோ ஒன்று 2,000 ரூபாவை எட்டியது. அந்தக் கிழமையில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கரட் விதை தேடி அலைந்தார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்பது பாத்தியிலும் கரட் போடலாமே என்ற பேச்சு எழுந்தது. மகள் 112ஐக் கூட்டிக் காட்டினாள்: அன்று விதைத்தால் மே மாதத்தில் கரட். அன்றைய விலையைப் பார்த்து விதைத்த அத்தனை பேருடைய கரட்டும் ஏறக்குறைய அதே காலத்தில்தானே சந்தைக்கு வரும்? வழக்கம்போல் இரண்டு பாத்திகளோடு நிறுத்திக்கொண்டோம்.

தோட்டத்துக்குக் கணக்கு வைத்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் மூன்றாம் சனாதிபதியாகிய தோமஸ் ஜெபர்சன். வர்ஜீனியாவிலே மொன்டிசெல்லோ என்ற மலைவீட்டில் வாழ்ந்த அவர், 1766 முதல் 1824 வரை ஒரு தோட்டக் குறிப்பேடு எழுதிவந்தார். பதவியை விட்டு ஊர் திரும்பிய 1809ஆம் ஆண்டு முதல், எதை, எங்கே, எப்போது விதைத்தது, எப்போது உணவு மேசைக்கு வந்தது என்று நிரல் நிரலாக அட்டவணை இட்டார். மலைச்சரிவில் 1,000 அடி நீளத்துக்குப் படி வெட்டி அமைத்த மரக்கறித் தோட்டம் அவருடையது. படித்தபோது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் கொல்லையைப் போல் ஒன்று இருந்ததே என்று மகிழ்ந்தேன். ஆனால் அவரிடம் இன்னொரு புத்தகமும் இருந்தது. பண்ணைப் புத்தகம் என்ற அதில், அவருக்கு அடிமைப்பட்டிருந்த மனிதர்களின் பெயர்களும், அவர்களுக்கு அளந்து கொடுத்த உணவும் துணியும் எழுதப்பட்டிருந்தன. வாழ்நாளில் 600க்கு மேற்பட்டோரை அவர் அடிமைகளாக வைத்திருந்தார். அந்த ஆயிரம் அடிப் படியை வெட்டியவர்கள் அடிமைகளே. பட்டாணி முளைத்த நாள் ஒரு புத்தகத்திலும், பட்டாணிக்கு மண் வெட்டியவன் மற்றொரு புத்தகத்திலுமாக இருந்தனர். செக்ரோல் கண்ட குடும்பத்தில் பிறந்தவனுக்கு அந்த இரண்டாம் புத்தகத்தைக் கடந்து போக மனம் வருவதில்லை.

நம்முடைய விரிதாளில் வேலை செய்தவர் எங்கே என்று மகளைக் கேட்டேன். செலவு நிரலில் விதை இருந்தது, சாணம் இருந்தது, டொலமைட் இருந்தது, வலை இருந்தது. அப்பாயி இல்லை. 2025 ஜனவரியில் அந்த நிரலைச் சேர்ப்பதற்கு மகள் தன் அப்பாயியிடம் சென்று, "தினமும் எவ்வளவு நேரம் வேலை செய்றீங்கன்னு எழுதணும், அப்பாயி" என்றாள். அன்னையார் கை கழுவிக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷம் என் பேரை எழுதினாங்க, ஆயி. இங்கயும் எழுதணுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகள் வாயடைத்து நின்றாள். அன்று அந்தப் பேச்சு அதோடு நின்றது. சில நாட்கள் கழித்து அன்னையாரே ஒரு வழி சொன்னார்: பெயர் வேண்டாம், அவரும் நானும் மகளும் செய்த நேரத்தையெல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதிக்கொள்ளலாம். அவ்வாறே எழுதினோம். எட்டு மணி நேரம் சேர்ந்தால் ஒரு பேர் என்பதும் அவர் வகுத்த கணக்கே.

ஆண்டு முடிவில் கூட்டினோம். ஒன்பது பாத்தியும் தந்த மரக்கறி 162 கிலோ. அவ்வப்போதைய கடை விலையில் சராசரி 300 ரூபா வீதம் 48,600 ரூபா. செலவு 11,400. எஞ்சியது 37,200 ரூபா. வீட்டுத் தோட்டத்தின் இலாபம் என்று மேடையில் சொல்லப்படுவது இந்த எண்ணைத்தான். சொல்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் விரிதாளில் இன்னும் ஒரு நிரல் இருந்தது: 61 பேர். எஞ்சிய தொகையை அதனால் வகுத்தால் ஒரு பேருக்கு 610 ரூபா. அவ்வாண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா.

மகள் இதனை வாசித்து முடிக்குமுன்பே அன்னையார் மனத்தில் கணக்குப் போட்டுவிட்டார். "அட, அரைப்பேர்கூட விழலையே!" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினார். 1,350இல் பாதி 675 அல்லவா? கண்ணில் நீர் வருமளவும் சிரித்தார். பின்பு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "ஆனா இங்க தண்ணிக்கு, சாக்குக்குன்னு நிறுவையில கழிக்க ஆளில்ல" என்றார். கொழுந்து நிறுத்த அனுபவம் உடையவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

அந்த 162 கிலோவிலும் ஒரு குறை இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து, நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோனமை யாவரும் அறிந்ததே. பாதைகள் அறுந்தன, கடைகளுக்குச் சாமான் வரவில்லை. எங்கள் பாத்திகளில் கீழிருந்த இரண்டும் கல்லணையோடு சரிந்தன. மற்றவற்றில் நின்ற லீக்ஸும் கோவாவும் பீட்ரூட் இலையும் எங்களுக்கும், எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த லயத்து உறவினர்க்கும், அடுத்த வீடுகளுக்கும் கறியாயின. நிறுத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. நவம்பர் 27 முதல் டிசம்பர் 6 வரை நிறை நிரல் வெறுமையாக இருக்கிறது. ஓர் உத்தேசமாக நிரப்பட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

இதனைப் படித்துத் தாமும் தொடங்க விரும்பும் மாணவர்களுக்குச் சில சொற்கள். கணினி இல்லையே என்று தயங்க வேண்டாம். கட்டம் போட்ட அப்பியாசக் கொப்பி போதும். முதலில் பாத்திகளுக்கு எண் கொடுங்கள். எண்ணை ஒரு பலகையில் எழுதிப் பாத்தியிலேயே நட்டுவிடுங்கள். நாள், பாத்தி, பயிர், குடும்பம், நிறை என்ற ஐந்து நிரலுக்கு மேல் முதலாண்டில் வைத்துக்கொண்டால் சலித்துப் போகும். பயிர் அழிந்தால் அழிந்தது என்று எழுதுங்கள். அந்த வரி மற்றவற்றைவிடப் பின்னால் உதவும். வேலை செய்த நேரத்தை எழுதுவதாயின், செய்தவரைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

சரிந்த இரண்டு பாத்திகளுக்கும் கல்லடுக்கி மீண்டும் மண் நிரப்பியாயிற்று. வேறிடத்து மண்ணாதலால் அவற்றின் பழைய வரலாறு செல்லாது என்று மகள் தீர்மானித்து, புதிய எண்கள் கொடுத்திருக்கிறாள். அடுத்த திட்டத்தை எழுத உட்கார்ந்தபோது அன்னையார் ஒரு நிபந்தனை விதித்தார். அடுப்படியை ஒட்டிய மேல் பாத்தி ஒன்றை அவருக்கென்று விட்டுவிட வேண்டும். அதற்கு எண் கூடாது, நாள் கூடாது, நிறையும் கூடாது. மகள் அந்த நிரையை விரிதாளிலிருந்து எடுத்துவிட்டாள். இப்போது அங்கே ஏதோ பச்சைப் பசேலென்று அடர்த்தியாக முளைத்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கக் கொத்தமல்லி போலத் தோன்றுகிறது.